கிராதியின் இடது பக்கம்

ஹெப்பகோடி
4 பிப்ரவரி 2025

டென்சில் அண்ணா,

போன்ல பேசினா பாதியில கட் பண்ணிடுறே. வாட்ஸ்அப்ல எழுதினா நீல டிக் விழுது, பதில் விழல. அதனால காகிதம். எங்க வீட்டுக்காரர் கிளிஃபர்ட் அடுகோடி பக்கம் லிஃப்ட் ரிப்பேருக்கு வர்றார், உன் வீட்ல கொடுப்பார். அவரை உட்கார வச்சு ஒரு டீ கொடு. சண்டை நமக்குள்ள, அவருக்கு இதுல ஒண்ணும் இல்ல.

உன் பொண்ணு கேரல் கல்யாணப் பத்திரிகை மாதிரியை குடும்ப குரூப்புல போட்டிருந்தியே, படிச்சேன். "சங்கை பிரகாஷ் ஐயரவர்கள் விவாகத்தை நடத்தி வைக்க." அதுக்குக் கீழே, கண்ணாடி போட்டாத்தான் தெரியும்ங்கிற அளவுக்குப் பொடி எழுத்துல, "ஆரம்ப ஜெபம்: திருமதி ஜூடித் கிளிஃபர்ட்." படிச்ச கையோட குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன். ஏன்னு யாராவது கேட்டா சொல்லு.

நான் குருப்பட்டம் வாங்கி மூணு வருஷம் ஆகுது. பேராயர் எல்லார் முன்னாலயும் என் தலையில கை வச்சார். நீ முதல் வரிசையில கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தே. அன்னைக்கிலிருந்து என் பேருக்கு முன்னால சங்கைன்னு இருக்கு. ஹெப்பகோடி சபை போர்டுல இருக்கு, ஞானஸ்நான சர்ட்டிஃபிகேட்டுல இருக்கு, எங்க வீட்டு கரண்ட் பில்லைத் தவிர எல்லாத்துலயும் இருக்கு. உன் பத்திரிகையில மட்டும் நான் திருமதி.

பிரகாஷ் ஐயர் நல்ல மனுஷன், அவர்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உன் பொண்ணு கேட்டது அவரை இல்ல. போன ஆகஸ்ட்ல இங்க வந்து, என் சமையல்கட்டு மேடையில ஏறி உட்கார்ந்துக்கிட்டு, "அத்தை, வேற யாரும் வேணாம், நீங்கதான் நடத்தி வைக்கணும்"னு கேட்டா. நான் சரின்னேன். உன்கிட்டயும் சொன்னாளாம், நீ "பார்க்கலாம்மா"ன்னியாம். நீ பார்த்த லட்சணம் இதுதானா?

எங்க வீட்டு ஓனர் பாலசுப்ரமணியன் சார் இருக்காரே, நாலு தலைமுறையா பெங்களூர்ல இருக்கிற பிராமணக் குடும்பம், அவர் ஒரு நாள் படிக்கட்டுல என்னை நிறுத்தினார். "உங்க சபை ஆளுங்க வந்து ஐயரம்மா வீடு எதுன்னு கேட்டாங்க. எங்க வீட்டு ஜகதாம்பாளைத்தான் கேட்கிறாங்களாக்கும்னு மாடிக்கு அனுப்பிட்டேன். யாருங்க அது ஐயரம்மா?" நான் விளக்கினேன். எங்க சபைகள்ல குருவானவரை ஐயர்னு கூப்பிடுவோம் சார், அவர் சம்சாரத்தை ஐயரம்மான்னு கூப்பிடுவோம். "அப்போ உங்க வீட்டுக்காரர் குருவா?" இல்ல சார், அவர் லிஃப்ட் மெக்கானிக், குரு நான்தான். "அப்போ நீங்கதானேம்மா ஐயர்"னு சொல்லிட்டு பால் வாங்கப் போயிட்டார். அந்த மனுஷனுக்கு படிக்கட்டுலயே புரிஞ்சது, கோயில் கமிட்டி செக்ரட்டரி உனக்கு மூணு வருஷமா புரியல.

நான் கேட்கிறது ஒண்ணுதான். கேரல் கல்யாணத்தை நான் நடத்துறேனா இல்லையா? ஆமான்னு எழுது, இல்லாட்டி இல்லன்னு எழுது. பார்க்கலாம்னு எழுதாதே.

ஜூடித்


அடுகோடி
11 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி ஜூடித்துக்கு அண்ணன் டென்சில் எழுதுவது.

இங்கு அனைவரும் சுகம். அங்கும் சுகம் என்று நம்புகிறேன், உன் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கிளிஃபர்ட் மாப்பிள்ளைக்கு டீ கொடுத்தோம். சிந்தியா போண்டா போட்டாள்.

உன் பேரை நான் விட்டுவிடவில்லை. போட்டிருக்கிறேன். ஆரம்ப ஜெபம் என்பது சின்னக் காரியமா? எத்தனையோ பேர் அதையே கேட்டு நிற்கிறார்கள். எழுத்து பொடியாக இருப்பது அச்சகத்துக்காரன் வேலை, அதைத் திருத்தச் சொல்கிறேன்.

நடத்தி வைப்பது பற்றி. கல்யாணம் என்றால் நம் இஷ்டம் மட்டும் இல்லை. சம்பந்தி டிரேவர் பழைய ஆள், தொம்மலூரில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பேர் இருக்கிறது. மகன் ஜாய்சனுக்கு ஒரு பெண் தாலி எடுத்துக் கொடுத்தாள் என்றால் அவருடைய சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்? அதோடு பிரகாஷ் ஐயர் இந்த சபையின் ஐயர். அவர் இருக்கும்போது வேறு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் மனசு சங்கடப்படும். கமிட்டியில் வேறு கேட்பார்கள். ஊருக்கெல்லாம் முறை சொல்கிற செக்ரட்டரி தன் வீட்டில் மட்டும் முறையை மாற்றினான் என்று நாளைக்கு ஒருவன் எழுந்து கேட்டால் நான் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வேன்?

ஐயர் என்று உன்னைக் கூப்பிடவில்லை என்று உனக்குக் கோபம். புரிகிறது. ஆனால் நீயும் கொஞ்சம் என்னைப் புரிந்துகொள். நம் அப்பா அந்தக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தார். கேட்டைத் திறந்தார், மணி அடித்தார், பெஞ்சைத் துடைத்தார். ஐயரின் ஸ்கூட்டர் சத்தம் ஓசூர் ரோட்டில் கேட்டாலே தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிவிடுவார். மழையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு "ஐயரே" என்று குனிந்து நிற்பார், ஸ்கூட்டர் உள்ளே போய் நிழலில் நிற்கும்வரை நிமிரமாட்டார். வந்து போன ஐயர்மாரில் ஒருவர்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ அப்போது கைக்குழந்தை. நான் பார்த்தவன்.

எனக்கு அந்த வார்த்தை என்றால் அதுதான். மேலே இருப்பவர்களுக்குச் சொல்கிற வார்த்தை. நீ பிறக்கும்போது எனக்குப் பதினோரு வயசு. உன் மூக்கைத் துடைத்துவிட்டவன், உன்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஓய்வுநாள் பள்ளிக்குக் கூட்டிப் போனவன். உன்னைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

பெரிசு பண்ணாதே. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வா, ஆரம்ப ஜெபம் பண்ணு, அத்தையாக முன்னால் நில். எல்லாரும் சந்தோஷமாக இருப்போம்.

அண்ணன்
டென்சில்


ஹெப்பகோடி
14 பிப்ரவரி 2025

அண்ணா,

போண்டா நல்லா இருந்ததாம். அண்ணிகிட்ட சொல்லு.

உன் கடிதம் வந்த அன்னைக்கே டிரேவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். உங்க பிள்ளை கல்யாணத்தை நான் நடத்தினா உங்களுக்கு சங்கடமான்னு நேரா கேட்டேன். அவர் சிரிச்சார். "எனக்கென்னம்மா சங்கடம்? நீங்க பிரசங்கத்தைச் சுருக்கமா முடிப்பீங்கன்னு ஜாய்சன் சொல்றான், பிரியாணி ஆறாது"ன்னார். அவர்கிட்ட இதைப் பத்தி யாரும் கேட்கவே இல்லையாம், நீயும் சொல்லலையாம். பழைய ஆளாம், பேராம், சொந்தக்காரங்களாம். அந்த மனுஷனைத் தூக்கி முன்னால நிறுத்திட்டு நீ பின்னால ஒளிஞ்சுக்கிட்டே.

அப்புறம் பிரகாஷ் ஐயருக்குப் போட்டேன். மனசு சங்கடப்படும்னியே. "டிசம்பர்லயே செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேனே ஜூடித் ஐயரே, நீங்க நடத்துங்க, நான் கூட நின்னு முடிவு ஜெபம் பண்றேன்னு"ன்னார். அவர் வாயில அந்த வார்த்தை எவ்வளவு சாதாரணமா வந்தது தெரியுமா? அவருக்கு நாக்கு புரளுது.

ஆக சம்பந்தி இல்ல, ஐயர் இல்ல. நீதான். உன் பேரை எழுதி, எனக்கு இஷ்டமில்லைன்னு எழுதியிருந்தா உன்மேல இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அவமரியாதை ஒண்ணும் இல்லைங்கிறியே, அடுகோடி அறுப்புப் பண்டிகை ஞாபகம் இருக்கா? நான் அங்கியோட, கழுத்துப்பட்டையோட முன்வரிசையில உட்கார்ந்திருக்கேன். கிளிஃபர்ட் பின்னால ஏலத்துக்கு வந்த சுரைக்காயைத் தூக்கிக்கிட்டு இருக்கார். நீ மைக்கைப் பிடிச்சு, "ஹெப்பகோடி ஐயரம்மா வந்திருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் மேடைக்கு வரணும், பொன்னாடை போத்தணும்"னு அறிவிச்சே. அந்த மனுஷன் சுரைக்காயைக் கீழ வைக்க இடம் தெரியாம அதோடயே மேடை ஏறினார். சால்வை போத்தி, ஏலத்தை ஜெபத்தோட ஆரம்பிங்கன்னு மைக்கை அவர் கையில கொடுத்தீங்க. அவருக்கு சாப்பாட்டு ஜெபமே ஒழுங்கா வராது. வேர்த்துப்போய் என்னைப் பார்த்தார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அந்த சால்வையை அலமாரி அடியில போட்டேன், இன்னும் அங்கதான் கிடக்கு.

அதைக்கூட விட்டுடுவேன். விட முடியாதது ஒண்ணு இருக்கு. நவம்பர்ல எங்க சபை ஆண்டு விழாவுக்கு பிரகாஷ் ஐயரோட கார்ல வந்தே. நற்கருணை. பலிபீடத்துக்கு முன்னால கிராதியில ஜனங்க முழங்கால் போட்டாங்க. நான் இடது பக்கத்திலிருந்து அப்பம் கொடுத்துக்கிட்டு வரேன், பிரகாஷ் ஐயர் வலது பக்கத்திலிருந்து. நீ வந்து இடது பக்கம் முழங்கால் போட்டே. தலையைத் தூக்கி யார் வர்றான்னு பார்த்தே. எழுந்தே. நடுவுல இருந்தவங்க காலைத் தாண்டிக்கிட்டு வலது கோடிக்குப் போய் அங்க முழங்கால் போட்டே.

நான் பார்த்தேன் அண்ணா. கையில தட்டோட நின்னு பார்த்தேன். உன் இடத்துல அடுத்த பொம்பளை வந்து கையை நீட்டிட்டாங்க, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன்.

என்னை எப்படிக் கூப்பிடுறேங்கிறது அப்புறம். என் கையால கர்த்தருடைய அப்பத்தை வாங்க உனக்கு என்ன கூச்சம்? அதுக்கு பதில் எழுது.

ஜூடித்


அடுகோடி
26 பிப்ரவரி 2025

ஜூடித்,

எனக்கு முட்டி வலி. அந்தப் பக்கம் குஷன் இல்லை. அதனால் மாறினேன். அதைப் போய் மூணு மாசம் மனசில் வைத்துக்கொண்டு இப்போது தூக்கி மூஞ்சியில் எறிகிறாய்.

என் முதுகுக்குப் பின்னால் சம்பந்திக்குப் போன் போட உன்னை யார் கேட்டது? பொண்ணைக் கொடுக்கிறவன் நான். இப்போது அவர் என்னைக் கூப்பிட்டு, "என்ன டென்சில், உங்களுக்குள்ள ஏதோ கலாட்டாவாமே" என்று கேட்கிறார். ரொம்ப சந்தோஷம். பிரகாஷ் ஐயரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். நீ என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டாய்.

கேரல் என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்விடுகிறாள். நேற்று சிந்தியா மூலமாகச் சொல்லி அனுப்பினாள், அத்தை நடத்தவில்லை என்றால் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று. கோயில்பிள்ளையின் பேத்தி ரிஜிஸ்டர் ஆபீசில். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? என் பொண்ணை என்மேல் ஏவிவிடாதே.

சரி, நீதான் உண்மையைக் கேட்கிறாயே, வாங்கிக்கோ. ஒத்திகையை மனசுல ஓட்டிப் பார்த்தேன். நான் பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு பலிபீடத்துக்கு முன்னால வந்து நிக்கணும். மேல் படியில நீ அங்கியோட நிக்கிறே. "இந்தப் பெண்ணை விவாகம் பண்ணிக் கொடுக்கிறவர் யார்?"னு நீ என்னைக் கேட்கிறே. ஊர் சனமெல்லாம் பார்க்க நான் உனக்கு பதில் சொல்லணும். என் பொண்ணு கையை எடுத்து உன் கையில வைக்கணும், நீ அதை மாப்பிள்ளை கையில கொடுக்கணும். அதுதானே முறை?

உன் கல்யாணத்துல அப்பா இல்ல. அந்த இடத்துல நான் நின்னேன். உன் கையைப் பிடிச்சு அன்னைக்கு இருந்த ஐயர் கையில கொடுத்தவன் நான். கொடுத்த அந்தக் கை இப்போ மேல இருந்து வாங்கிக்குது, நான் கீழ நிக்கிறேன். நீ கேட்கிறே, நான் பதில் சொல்றேன். என்னால முடியல. அதுக்கு என்ன பேர் வச்சாலும் சரி. பொறாமைன்னு சொல்லு, ஆம்பளைத் திமிர்னு சொல்லு. முடியல.

ஆயிது பிடு, முடிஞ்சு போச்சு, விடு. பத்திரிகை அச்சுக்குப் போயிடுச்சு. நீ வர்றதுன்னா ஆரம்ப ஜெபத்துக்கு வா. வராட்டி உன் இஷ்டம்.

டென்சில்


ஹெப்பகோடி
10 மார்ச் 2025

அண்ணா,

முதல்ல கேரல் விஷயம். நான் ஏவிவிடல. போன வாரம் பையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்தா, உங்க வீட்ல இருக்க முடியலைன்னு. நான் ஒரு சாயங்காலம் வச்சுக்கிட்டு, சோறு போட்டு, திட்டி, ஆட்டோ ஏத்தி திருப்பி அனுப்பினேன். கல்யாணத்துக்கு முன்னால அப்பனோட சண்டை போட்டுட்டு அத்தை வீட்ல உட்கார்ந்தா, உன்னை மாதிரியே ஊரும் என்னைத்தான் சொல்லும்னு சொன்னேன். சரியாத்தான் சொல்லியிருக்கேன்.

உன் கடிதத்துல முதல் பாதி செக்ரட்டரி எழுதினது, அதை விட்டுட்டேன். பின்பாதி நீ எழுதினது. அதை ரெண்டு தடவை படிச்சேன். கோபம் குறையல, இடம் மாறிச்சு.

என் கையை ஐயர் கையில கொடுத்தவன் நீ. இல்லைங்கல. அந்தக் கை ஒரு நாள் நான் போன வழியிலயே உன் பொண்ணு வர்றப்போ அவளை வாங்கிக்குதுன்னா, அதுல உனக்கு என்ன நஷ்டம்? கீழ நிக்கிறேங்கிறியே. இத்தனை வருஷமா எத்தனை ஐயர்மார் முன்னால கீழ நின்னே? அப்போ வலிக்கலையே. வேற வீட்டு ஆம்பளை மேல நின்னா உனக்கு அது மரியாதை. உன் வீட்டுப் பொம்பளை நின்னா உனக்கு அது அவமானம். மேல இருக்கிறவங்களுக்குச் சொல்ற வார்த்தைன்னு எழுதினியே, அதோட அர்த்தம் உனக்கு "நம்ம வீட்டு ஆளு இல்லாதவங்க"ன்னுதான்.

அப்பா மழையில குனிஞ்சு நின்னதை எழுதியிருந்தே. அதைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்த்தே. கேட்டுக்கோ. எனக்கும் தெரியும், அம்மா சொல்லியிருக்காங்க. சாகப்போறப்போ அப்பாவுக்கு ஜெபிக்க ஐயரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் மீட்டிங் முடிஞ்சு வர்றேன்னு சொல்லி வராமலே போனதும் தெரியும். அதனாலதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். இங்க யாராவது கூப்பிட்டா நான் போறேன். அப்பா குனிஞ்ச வார்த்தையைத்தான் நான் கேட்கிறேன், ஏன்னா அது நம்ம வீட்டுக்கு வரணும். நீ அதை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கே, அப்பா கேட்டைப் பிடிச்சு நின்ன மாதிரி நின்னுக்கிட்டு.

இங்க கிருஷ்ணகிரிப் பக்கத்துல இருந்து வந்து கார்மென்ட்ஸ்ல தைக்கிற வீணான்னு ஒரு பொண்ணு இருக்கா. அவ புருஷன் ஆக்சிடென்ட்ல விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ போனேன். வாசல்ல செக்யூரிட்டி விடல. வீணா உள்ள இருந்து ஓடி வந்து, "அண்ணா, எங்க ஐயரு வந்திருக்காங்க, விடுங்க"ன்னா. அவ்வளவுதான். ஐயரு, வந்திருக்காங்க. பெண்ணா ஆணான்னு அவ குழம்பல, இலக்கணம் பார்க்கல, கமிட்டியைக் கேட்கல. அவளுக்கு ஆள் தேவைப்பட்டது, கூப்பிட்டா.

உனக்கு ஒரு வழி சொல்றேன். கல்யாணப் பேச்சை விட்டுடு. பத்திரிகையில என்னை என்னன்னு வேணா போட்டுக்கோ, பிரகாஷ் ஐயரே நடத்தட்டும். அதுக்கு முன்னால ஒரு ஞாயிறு ஹெப்பகோடிக்கு வா. இடது பக்கம் முழங்கால் போடு, என் கையால வாங்கு. அப்படி நீ வந்தா ஆரம்ப ஜெபத்துக்கு நான் திருமதியாவே வரேன், சந்தோஷமா வரேன். வரலைன்னா நான் வரமாட்டேன், கேரல் கேட்டா ஏன்னு சொல்லுவேன்.

ஜூடித்


அடுகோடி
6 ஏப்ரல் 2025

ஜூடித்,

நீ ஜெயித்துவிட்டாய்.

கேரல் தொம்மலூரில் சிந்தியாவின் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். நற்கருணைக்கு நான் ஹெப்பகோடிக்கு வருவேனா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஜாய்சன் புதுப் பத்திரிகை அடித்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். மே எட்டாம் தேதி, ஹெப்பகோடி சபை, சங்கை ஜூடித் ஐயரவர்கள் நடத்தி வைக்க. என் பேர் பெண்ணின் தகப்பன் என்று போட்டிருக்கிறது. அதையாவது விட்டு வைத்தார்களே.

அடுகோடியில் எல்லாரும் கேட்கிறார்கள். செக்ரட்டரி பொண்ணுக்கு சொந்த சபையில் கல்யாணம் இல்லையா என்று. தகரக் கூரை போட்ட இடத்தில் போய்க் கட்டுகிறாளாமே என்று. நான் கமிட்டிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரகாஷ் ஐயர் வாங்கவில்லை, மேசைமேலேயே கிடக்கிறது.

நான் வரமாட்டேன். கேள்வியை யாரிடம் வேண்டுமானாலும் கேள்.

டென்சில்


ஹெப்பகோடி
9 ஏப்ரல் 2025

அண்ணா,

நான் ஜெயிக்கல. ஜெயிச்சிருந்தா நீ அன்னைக்கே வந்திருப்பே.

தகரக் கூரைதான். மழை வந்தா பிரசங்கம் கேட்காது. இருந்தாலும் அது கோயில்தான், நீ கோட்டு போட்டுக்கிட்டு வர்ற இடம் மட்டும் கோயில் இல்ல.

கேரல்கிட்ட எவ்வளவோ சொன்னேன், அப்பாவை விட்டுட்டு வேணாம்னு. "அப்பாவை நான் விடல அத்தை, அவர் வர்றதுக்கு இடம் இருக்கு"ன்னா. உன் பிடிவாதம் அப்படியே அவகிட்ட இருக்கு, என்கிட்ட வந்து நிக்குது.

அந்தக் கேள்வியை நான் கேட்கத்தான் போறேன். முறை புஸ்தகத்துல இருக்கு, உனக்காக அதை அடிச்சு எடுத்துட முடியாது. பதில் சொல்ல நீ இல்லைன்னா அந்த இடம் சும்மா கிடக்கும். அதை அவ ஆயுசுக்கும் மறக்கமாட்டா. எனக்கு பதில் சொல்ல வேணாம், சுவத்தைப் பார்த்துச் சொல்லு, பல்லியைப் பார்த்துச் சொல்லு. ஆனா வா.

எனக்கு உன்மேல இருக்கிற கோபம் இன்னும் அப்படியே இருக்கு. அதை வச்சுக்கிட்டேதான் கூப்பிடுறேன்.

ஜூடித்


அடுகோடி
12 மே 2025

தங்கச்சி ஜூடித்துக்கு,

இந்தக் கடிதத்தின் தலையில் வேறு வார்த்தை எழுதிப் பார்த்தேன். எழுதிவிட்டு வாசித்தால் நாடகம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நான் வந்ததை நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சு, தூணுக்குப் பின்னால். கேரலை அவள் சித்தப்பா கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்திருந்தேன். தனியாக நடந்து வந்தாள். கையில் பூச்செண்டு, பக்கத்தில் ஆள் இல்லை. நான் உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை.

நீ கேட்டாய். "இந்தப் பெண்ணை விவாகம் பண்ணிக் கொடுக்கிறவர் யார்?" நீ கேட்டுவிட்டு நிறுத்தினாய். அவசரப்படவில்லை. எனக்காகத்தான் நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுந்தேன் ஜூடித். சத்தியமாக எழுந்தேன். பெஞ்சு இடித்தது, பக்கத்தில் இருந்தவர் காலை ஒதுக்கினார். நான் தூணைச் சுற்றி வெளியே வருவதற்குள் முன்வரிசையிலிருந்து சிந்தியா எழுந்துவிட்டாள். "நான்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் கோயிலில் அவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. கேரல் கையைப் பிடித்து உன் கையில் வைத்தாள். நான் நடு வழியில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து ஏன் என்னைக் கேட்கவில்லை என்று சிந்தியாவைக் கேட்டேன். "கேட்டாங்களே, எல்லாருக்கும் கேட்டுச்சே" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. யார்மேல் என்று சரியாகத் தெரியாமல் எல்லார்மேலும் இருக்கிறது. என் பொண்ணை நான் கொடுக்கவில்லை. அது இனிமேல் திரும்பி வராது.

இன்னொன்று சொல்ல வேண்டும், நீ அங்கே இல்லை. சாப்பாடு ஆரம்பிக்கும்போது பிரியாணி மாஸ்டர் அண்டாவைத் திறக்காமல் நின்றான். ஜெபம் பண்ணினால்தான் கரண்டி வைப்பானாம். ஐயர் எங்கே என்று தேடினான், கோட்டு போட்டிருந்த கிளிஃபர்ட்டைப் பார்த்து, "ஐயரே, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான். கிளிஃபர்ட் மாப்பிள்ளை மறுபடியும் வேர்த்துப் போனார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "அவர் இல்லப்பா, ஐயர் உள்ள ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்காங்க, வருவாங்க, கொஞ்சம் பொறு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மாஸ்டர் சரி என்று அண்டா பக்கத்திலேயே நின்றுகொண்டான். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை.

இதை உனக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று தோன்றியது.

டென்சில்


ஹெப்பகோடி
15 மே 2025

அண்ணா,

நீ வந்ததைப் பார்த்தேன். எழுந்ததையும் பார்த்தேன். ஒரு பெஞ்சு இடிக்கிற சத்தத்துக்கு நான் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியாது. ஆனா அண்ணி எழுந்துட்டாங்க. அவங்களை உட்காருங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? உனக்காகப் பாவப்பட்டேன், அதுக்காக எனக்கே என்மேல ஆத்திரம் வந்தது.

கேரலும் பெஞ்சு சத்தத்தைக் கேட்டாளாம். "அப்பாதானே அது"ன்னு என்னைக் கேட்டா. ஆமான்னேன். அழுதா. அவளைப் போய்ப் பாரு, தொம்மலூர் ஒண்ணும் தூரம் இல்ல. அண்ணிகிட்ட நீதான் முதல்ல பேசணும், அவங்க பேசமாட்டாங்க, அவங்க பேச வேண்டியதைப் பேசிட்டாங்க.

பிரியாணி மாஸ்டர்கிட்ட சொன்னது நல்லதுதான். ஆனா அது அவன்கிட்ட சொன்னது. என்னைப் பார்த்து நீ இன்னும் சொல்லல. கடிதத்தோட தலையில எழுதிக் கிழிச்சுப் போட்டியே, அதைப் பத்தி நான் கவலைப்படல. அது வர்றப்போ வரட்டும்.

ஆனா ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு, அதை நான் மறக்கல. வர்ற ஞாயிறு நற்கருணை. பிரகாஷ் ஐயர் வரல, வேற யாரும் வரல, நான் மட்டும்தான். எங்க பக்கம் குஷன் இப்பவும் இல்ல. முட்டி வலிச்சா சொல்லு, நாற்காலி போடச் சொல்றேன். இடது பக்கம்.

ஜூடித்